புதிய ஏற்பாட்டில் வரும் யூத சமய அதிகாரிகளைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பிரதான ஆசாரியர், வேதபாரகர், மூப்பர், பரிசேயர், சதுசேயர் என்று சுவிசேஷங்களில் பெயர்கள் அடுக்கடுக்காக வரும். வாசிக்கிறவர்களில் பலர் இவர்கள் எல்லோரையும் 'இயேசுவின் எதிரிகள்' என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கமாலியேல் ஏன் அப்போஸ்தலரைக் காப்பாற்றப் பேசினார், பவுல் ஏன் நெருக்கடியான நேரத்தில் 'நான் பரிசேயன்' என்றார், முன்னாள் பிரதான ஆசாரியன் அன்னா பதவியில் இல்லாதபோதும் இயேசுவை ஏன் முதலில் அவரிடம் கொண்டுபோனார்கள் என்ற எதுவுமே விளங்காது. வேதபாட வகுப்பு எடுக்கிறவர்களுக்கும், பிரசங்கம் தயாரிக்கிறவர்களுக்கும், அந்தக் காலத்து வரலாற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இங்கே ஒரு முறை தரப்படுகிறது. ஒவ்வொரு ஆளைப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? பிறப்பாலா, நியமனத்தாலா, படிப்பாலா, பணத்தாலா?

முதல் வேலை: நான்கு நிறம்

ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, நான்கு நிறப் பென்சில்கள் போதும். நான்கு சுவிசேஷங்களையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். மாற்குவின் 16 அதிகாரங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளின் 28 அதிகாரங்களையும் முதலில் முடியுங்கள். மாற்கு சுவிசேஷங்களில் மிகப் பழையது. அப்போஸ்தலரோ ஆட்களின் பெயரையும் பதவியையும் சேர்த்தே சொல்கிறது.

பிறப்பால் வருவதற்கு நீலம்: ஆசாரியர், லேவியர். நியமனத்தாலோ செல்வாக்காலோ வரும் பதவிக்குச் சிவப்பு: பிரதான ஆசாரியன், தேவாலயத்துச் சேனைத்தலைவன், ஆலோசனைக்காரன், ஜெபஆலயத்தலைவன், மூப்பர். கட்சிக்குப் பச்சை: பரிசேயர், சதுசேயர், ஏரோதியர் (ஏரோது குடும்பத்தை ஆதரித்தவர்கள்). படிப்பால் வரும் தொழிலுக்கு மஞ்சள்: வேதபாரகர், நியாயசாஸ்திரி.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நிறம் விழுவது சகஜம். அப்போஸ்தலர் 5:34-இல் வரும் கமாலியேல் பரிசேயன், நியாயசாஸ்திரி, ஆலோசனைச் சங்கத்தில் (யூதரின் உயர்ந்த மன்றமான சன்ஹெத்ரினில்) உட்கார்ந்திருப்பவர். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் அவருக்கு உண்டு. லூக்கா 1-இல் வரும் சகரியாவுக்கு நீலம் மட்டும். அவர் அபியா வகுப்பைச் சேர்ந்தவர். ஆசாரியர்கள் 24 வகுப்புகளாகப் பிரிந்து முறைவைத்து ஆலயப் பணிக்கு வந்தார்கள். முறை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சகரியாவும் பிரதான ஆசாரியன் காய்பாவும் ஆரோன் வம்சம்தான், ஆனால் ஒருவர் மலைநாட்டு ஊர்க்காரர், மற்றவர் ரோம ஆளுநரோடு நேரடியாகப் பேசக்கூடியவர். 'ஆசாரியர்' என்று படித்தவுடன் பணக்காரரை நினைத்துக்கொள்வது இங்கே நடக்கிற முதல் தவறு. அப்போஸ்தலர் 6:7 ஆசாரியர்களில் அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்ததாகச் சொல்கிறது. அங்கே சொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சாதாரண ஆசாரியர்களாக இருந்திருக்கலாம்.

வேதபாரகரைக் கட்சியாக எண்ணுவது அடுத்த தவறு. எழுதப்படிக்கத் தெரிந்து, சட்டத்தை விளக்கவும் பத்திரம் எழுதவும் தெரிந்தவர்கள் இவர்கள். அப்போஸ்தலர் 23:9-இல் பரிசேயர் பக்கத்து வேதபாரகர் சிலர் எழும்பிப் பேசுகிறார்கள் என்று வருகிறது. பரிசேயர் பக்கத்துக்கு வேதபாரகர் இருந்தார்கள் என்றால் மற்றப் பக்கங்களுக்கும் இருந்தார்கள் என்றுதான் பொருள். மாற்கு 12:34-இல் இயேசு ஒரு வேதபாரகனைப் பார்த்து, நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவன் அல்ல என்கிறார். அந்த வசனத்துக்கு மஞ்சள் அடித்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டாவது: ஊரைப் பாருங்கள்

சம்பவம் கலிலேயாவிலா, எருசலேமிலா? இதைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம். இயேசுவின் ஊழிய காலத்தில் கலிலேயாவை ஆண்டவர் ஏரோது அந்திப்பா (கி.மு. 4 – கி.பி. 39). யூதேயா ரோமரின் நேரடி ஆட்சியில், கி.பி. 26 முதல் 36 வரை பொந்தியு பிலாத்துவின் கையில் இருந்தது. எருசலேம் பிரதான ஆசாரியனுக்குக் கலிலேயாவில் காவலரை அனுப்பி ஆளைப் பிடிக்கும் நிர்வாக அதிகாரம் கிடையாது. ஆகவே கப்பர்நகூமில் பரிசேயர் கேள்வி கேட்கிறார்கள், வாதாடுகிறார்கள், ஏரோதியரோடு சேர்ந்து ஆலோசிக்கிறார்கள் (மாற்கு 3:6). கைதுசெய்வதில்லை. அவர்களிடம் இருந்தது மக்கள் மதிப்பு.

எருசலேமுக்குள் நுழைந்ததும் ஆட்கள் மாறிவிடுவதை உங்கள் நிறங்களே காட்டும். மாற்குவில் பரிசேயர் கடைசியாக வருவது 12:13-இல். லூக்காவில் 19:39-இல். அதற்குப் பின் கைது, விசாரணை, சிலுவை வரைக்கும் இந்த இரண்டு சுவிசேஷங்களிலும் பரிசேயர் என்ற பெயரே இல்லை. அங்கே நிற்பவர்கள் பிரதான ஆசாரியர், வேதபாரகர், மூப்பர். மத்தேயு 27:62-இலும் யோவான் 18:3-இலும் மட்டும் பரிசேயர் தலைகாட்டுகிறார்கள். 'பரிசேயர்கள் இயேசுவைச் சிலுவையில் அறைந்தார்கள்' என்று வகுப்பில் யாராவது சொன்னால், மாற்கு 14, 15 அதிகாரங்களைத் திறந்து பச்சை நிறத்தைத் தேடச் சொல்லுங்கள்.

மூன்றாவது: பிரதான ஆசாரியனை நியமித்தது யார்?

மோசேயின் சட்டத்தில் பிரதான ஆசாரியன் ஆயுள் முழுவதும் அந்தப் பதவியில் இருப்பவர். புதிய ஏற்பாட்டுக் காலத்தில் அந்த வழக்கம் உடைந்துபோயிருந்தது. மகா ஏரோது (கி.மு. 37 – 4) தனக்கு ஒத்துவந்தவர்களை ஏற்றி, ஒத்துவராதவர்களை இறக்கினார். மக்கள் விரும்பிய மூன்றாம் அரிஸ்தொபூலு என்ற இளைஞரை எரிகோவில் குளத்தில் மூழ்கடித்துக் கொன்றதும் அவர் ஏற்பாடுதான். ஏரோது காலம் தொடங்கி கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தது வரை 28 பிரதான ஆசாரியர்கள் இருந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் கணக்குச் சொல்கிறார். சுமார் ஒரு நூற்றாண்டுக்கு 28 பேர்.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி நியமிக்கும் அதிகாரம் கைமாறியதை மேலிருந்து கீழாக எழுதுங்கள். முதலில் ஏரோதும் அவர் மகன் அர்கெலாவும். கி.பி. 6 முதல் 41 வரை ரோம ஆளுநர்கள். 41 முதல் 44 வரை முதலாம் அகிரிப்பா. அப்போஸ்தலர் 12-இல் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்ற ஏரோது ராஜா இவர்தான். பின்னர் 48 வரை சால்சிஸ் நாட்டு ஏரோது. அதன்பின் ரோமருக்கு எதிரான யுத்தம் தொடங்கும்வரை இரண்டாம் அகிரிப்பா, பவுல் யாருக்கு முன்பாகத் தன் கதையைச் சொன்னாரோ அவர். கடைசியாக யுத்தத்தின் நடுவில் செலோத்தர் (ரோமரை எதிர்த்துப் போராடிய தீவிரக் குழு) சீட்டுப்போட்டு பன்னியா என்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரதான ஆசாரியனுடைய பரிசுத்த வஸ்திரங்களே ரோமரின் பூட்டுக்குள் இருந்தன. ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் அவற்றை வைத்துக்கொண்டு, பண்டிகைக்கு ஏழு நாளுக்கு முன்னால் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காய்பா பதவியில் இருந்த காலமெல்லாம் இதுதான் நடைமுறை. யோவான் 11:48-இல் 'ரோமர் வந்து நம்முடைய ஸ்தானத்தையும் ஜனத்தையும் அழித்துப்போடுவார்கள்' என்று சங்கத்தார் பேசிக்கொள்வதை இந்தப் பின்னணியோடு படித்தால் அந்தப் பயம் எவ்வளவு உண்மையானது என்று தெரியும்.

அன்னாவின் குடும்பம்

இந்த ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அன்னாவை கி.பி. 6-இல் சீரியாவின் ஆளுநர் சிரேனியு நியமித்தார். 15-இல் ரோம ஆளுநர் வலேரியு கிராத்து இறக்கினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று பேர் மாறினார்கள், அதில் ஒருவர் அன்னாவின் மகன் எலெயாசார். பிறகு 18-இல் மருமகன் காய்பா வந்து 36 வரை நீடித்தார். பிலாத்துவின் பதவி பறிபோன கையோடு சீரியாவின் ஆளுநர் வித்தேலியு காய்பாவையும் நீக்கினார். அவருக்குப் பின்னாலும் அன்னாவின் மகன்கள் யோனத்தான், தெயோப்பிலு, மத்தத்தியா, இளைய அன்னா என்று வரிசையாக அந்த இடத்துக்கு வந்தார்கள். ஐந்து மகன்கள், ஒரு மருமகன்.

லூக்கா 3:2 'அன்னாவும் காய்பாவும் பிரதான ஆசாரியராயிருந்தகாலத்தில்' என்று இருவரையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். பதவியை விட்டவரும் அந்தப் பட்டத்தோடே அழைக்கப்பட்டார், வீட்டுக்குள் செல்வாக்கும் அவருடையதே. ஒருமையில் வந்தால் பதவியில் இருப்பவர், பன்மையில் 'பிரதான ஆசாரியர்' என்று வந்தால் முன்னாள் பதவிக்காரர்களும் அந்தச் சில பெரிய குடும்பங்களும் ஆலய நிர்வாகிகளும் அடங்கிய வட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் 11:49-இல் காய்பா 'அவ்வருஷத்துப் பிரதான ஆசாரியன்' என்று வருவதைப் பார்த்து அது ஆண்டுதோறும் மாறும் பதவி என்று எழுதிவிடாதீர்கள். காய்பா 18 ஆண்டுகள் இருந்தார்.

இந்தக் குடும்பங்களைப் பற்றிப் பொதுமக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குத் தல்மூதில் (பிற்கால யூதப் போதகர்களான ரபீக்களின் பெரிய தொகுப்பு) ஒரு புலம்பல் இருக்கிறது. போயெத்து வீட்டாரின் தடிகளால் ஐயோ, அன்னா வீட்டாரின் முணுமுணுப்பால் ஐயோ, கத்ரோஸ் வீட்டாரின் எழுதுகோலால் ஐயோ, இஸ்மவேல் வீட்டாரின் முஷ்டிகளால் ஐயோ என்று போகும் அது. பிரதான ஆசாரியர் இவர்களே, மகன்கள் பொக்கிஷக்காரர், மருமகன்கள் மேற்பார்வையாளர், வேலையாட்கள் மக்களைத் தடியால் அடிக்கிறார்கள் என்று முடியும். எருசலேமின் யூதர் பகுதியில் 1970-இல் தொல்லியலாளர் நக்மான் அவிகாத் அகழ்ந்தபோது, கி.பி. 70-இன் தீயில் கருகிய ஒரு வீட்டில் 'பர் கத்ரோஸ்' என்ற பெயர் பொறித்த கல் எடைக்கட்டி ஒன்று கிடைத்தது. புலம்பலில் வரும் அதே குடும்பப் பெயர். 1990-இல் எருசலேமுக்குத் தெற்கே ஒரு கல்லறையில் 'காய்பாவின் யோசேப்பு' என்று படிக்கக்கூடிய எழுத்துள்ள, பூவேலை செதுக்கிய சுண்ணாம்புக்கல் எலும்புப்பெட்டி கிடைத்தது. உள்ளே இருந்த எலும்புகளில் சுமார் 60 வயது ஆணின் எலும்பும் இருந்தது. அது காய்பாவுடையது என்றே ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். வகுப்பில் இந்த இரண்டின் படங்களைக் காட்டினால் பெயர்கள் மனதில் நிற்கும்.

கட்சிகள்

பரிசேயர் வேதத்தோடு முன்னோர் பாரம்பரியத்தையும் கைக்கொண்டார்கள், உயிர்த்தெழுதலை நம்பினார்கள். சதுசேயர் எழுதப்பட்ட சட்டம் மட்டும் போதும் என்றார்கள், உயிர்த்தெழுதல் இல்லை என்றார்கள். ஏரோதுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பரிசேயர் 6000-க்கு மேல் என்று ஜோசபஸ் எழுதுகிறார். பரிசேயர் என்றால் அந்த அளவுள்ள ஓர் இயக்கம், நாட்டு மக்கள் அனைவரும் அல்லர். சதுசேயர் எண்ணிக்கையில் குறைவு, அந்தஸ்தில் பெரியவர்கள். எசேனியர் என்ற இன்னொரு கட்சியார் 4000 பேருக்கு மேல் இருந்தும் புதிய ஏற்பாடு அவர்களைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை.

பிரதான ஆசாரியர் எல்லோரும் சதுசேயர் என்று எழுதுவது எளிது, ஆனால் கொஞ்சம் நிதானம் தேவை. அப்போஸ்தலர் 5:17 பிரதான ஆசாரியனோடு இருந்தவர்கள் சதுசேயர் என்கிறது. ஜோசபஸ் வெளிப்படையாகச் சதுசேயர் என்று சொல்லும் அக்காலப் பிரதான ஆசாரியர் இளைய அன்னா ஒருவர்தான். ஆகவே 'பெரும்பாலும் சதுசேயர் பக்கம்' என்று எழுதுவதே சரி.

தமிழ்ப் பிரசங்கங்களில் 'பரிசேயன்' என்பது மாய்மாலக்காரனுக்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போய்விட்டது. லூக்கா 13:31-இல் ஏரோது கொலைசெய்யத் தேடுகிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர். நிக்கொதேமு பரிசேயர். எருசலேம் சபைக்குள்ளேயே பரிசேயரான விசுவாசிகள் இருந்தார்கள் (அப்போஸ்தலர் 15:5). உயிர்த்தெழுதல் கேள்வியில் இயேசு நின்றதும் பரிசேயர் நின்ற பக்கம்தான். மத்தேயு 23-இன் கடுமையை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் இந்த வசனங்களையும் அதே பக்கத்தில் எழுதிவைத்தால்தான் அது நேர்மையான பாடம்.

ஆலோசனைச் சங்கமும் அந்த இரவு விசாரணையும்

அதிகம் தடுமாறும் இடம் இது. பிரசங்கக் குறிப்புகளில் 'விசாரணையில் நடந்த சட்டமீறல்கள்' என்று ஒரு நீண்ட பட்டியல் சுற்றிவருகிறது. 71 பேர் கொண்ட சங்கம், மரண வழக்கைப் பகலில்தான் விசாரிக்க வேண்டும், குற்றத்தீர்ப்பை மறுநாள்தான் சொல்ல வேண்டும், அதனால் ஓய்வுநாளுக்கோ பண்டிகைக்கோ முந்தின நாள் விசாரிக்கக் கூடாது. இவை எல்லாம் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் சன்ஹெத்ரின் என்ற பகுதியில் இருப்பது உண்மை. ஆனால் மிஷ்னா தொகுக்கப்பட்டது சுமார் கி.பி. 200-இல், ஆலயம் அழிந்து 130 ஆண்டுகளுக்குப் பிறகு, பரிசேயரின் வழிவந்த ரபீக்களால். அந்த விதிகள் காய்பாவின் வீட்டில் அமலில் இருந்தன என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. பட்டியலை அப்படியே பிரசங்கத்தில் போடுவது, பின்னால் எழுதப்பட்ட சட்டத்தால் முன்னால் நடந்ததை அளப்பதாகும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், சுவிசேஷங்களையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்கு 14 இரவிலேயே முழுச் சங்கமும் கூடியதாகச் சொல்கிறது. லூக்கா 22:66 விடியற்காலத்தில் கூடியது என்கிறது. யோவான் 18-இல் சங்க விசாரணை என்று ஒன்றுமே இல்லை, அன்னா வீடு, காய்பா வீடு, பிறகு நேராகப் பிலாத்து. ஆனால் யோவான் 11:47-53-இல் அதற்கு முன்பே சங்கம் கூடி முடிவெடுத்துவிட்டது. நான்கையும் கலந்து ஒரே கதையாக்காமல், தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்.

மரண தண்டனை அதிகாரம் அடுத்த சிக்கல். எங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று யோவான் 18:31-இல் பிலாத்துவிடம் சொல்கிறார்கள். ஒரு விதிவிலக்கு கல்லிலேயே உண்டு. புறஜாதியார் ஆலயத்தின் உட்பிராகாரத்தைத் தாண்டினால் வரும் மரணத்துக்கு அவரே பொறுப்பு என்ற கிரேக்கக் கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. மற்றபடி ஆளுநர் இல்லாத நேரத்தில் என்ன ஆகும் என்பதற்கு கி.பி. 62 சாட்சி. ஆளுநர் பெஸ்து இறந்து, அல்பினு வந்து சேருவதற்குள் இளைய அன்னா சங்கத்தைக் கூட்டி, இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தார். எருசலேமில் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவர்களே அதை எதிர்த்து முறையிட்டார்கள் என்கிறார் ஜோசபஸ். அவர்கள் பரிசேயர் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மூன்றே மாதத்தில் அகிரிப்பா இளைய அன்னாவை நீக்கினார்.

இங்கே ஒரு பொறுப்பும் இருக்கிறது. சில ஆட்சிக் குடும்பங்களும் ஒரு ரோம ஆளுநரும் சேர்ந்து செய்ததை ஒரு முழு இனத்தின் தலையில் கட்டிப் பிரசங்கித்ததன் விலையை ஐரோப்பாவின் யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் உயிரால் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அந்தக் குற்றச்சாட்டை வெளிப்படையாக நிராகரித்தது. யோவான் சுவிசேஷத்தில் 'யூதர்' என்று வரும் இடங்களில் ஓரத்தில் 'எருசலேம் தலைவர்களா, மக்களா?' என்று எழுதிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

ஒரு பகுதியைச் செய்து பார்க்கலாம்: அப்போஸ்தலர் 23

ஊர் எருசலேம். காலம் 50-களின் பிற்பகுதி, ஆளுநர் பேலிக்ஸ். சங்கத்தைக் கூட்டியது ரோமச் சேனாபதி லீசியா, பிரதான ஆசாரியன் அல்ல. அதுவே ஒரு தகவல். பிரதான ஆசாரியன் அனனியா, சுமார் 47 முதல் 59 வரை பதவியில் இருந்தவர், அன்னா குடும்பம் அல்ல. நீலமும் சிவப்பும். பவுல் அறையைச் சுற்றிப் பார்க்கிறார், ஒரு பங்கு சதுசேயர், ஒரு பங்கு பரிசேயர். உயிர்த்தெழுதலைக் குறித்து நியாயம் விசாரிக்கப்படுகிறேன் என்கிறார். சங்கம் இரண்டாகப் பிளக்கிறது. பரிசேய வேதபாரகர் பவுலுக்காக வாதாடுகிறார்கள்.

அனனியாவை இங்கேயே விட்டுவிடாதீர்கள். பதவி போன பிறகும் அவருடைய வேலையாட்கள் களத்துமேட்டுக்கே போய் தசமபாகத்தைப் பலவந்தமாக எடுத்தார்கள் என்றும், அதை நம்பிப் பிழைத்த ஏழை ஆசாரியர் பட்டினியால் இறந்தார்கள் என்றும் ஜோசபஸ் எழுதுகிறார். 66-இல் கலகக்காரர்கள் அவரை ஒளிந்திருந்த இடத்திலிருந்து இழுத்துக் கொன்றார்கள். ஆசாரிய குலத்துக்குள்ளேயே ஏழைக்கும் பணக்காரருக்கும் நடந்த மோதல் இது. நீலம் ஒரே நீலம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எருசலேமுக்கு வெளியே

கொரிந்து, அந்தியோகியா போன்ற ஊர்களில் ஆசாரியனைத் தேடாதீர்கள், அங்கே ஜெபஆலயத்தலைவர்கள்தான். கொரிந்துவில் கிறிஸ்பு விசுவாசியானார், சொஸ்தேனே அடிவாங்கினார். இவர்களால் தங்கள் ஆட்களைத் தண்டிக்க முடிந்தது. பவுல் 'ஒன்றுகுறைய நாற்பதடி' ஐந்துதரம் பட்டதாக 2 கொரிந்தியர் 11:24-இல் சொல்வது அந்தத் தண்டனை. அதை ஏற்றுக்கொண்டார் என்றாலே அவர் ஜெபஆலயத்தை விட்டு விலகவில்லை என்று தெரிகிறது. இரண்டு உலகமும் சேரும் இடம் எருசலேமில் 1913-இல் கிடைத்த தெயோதோத்து கல்வெட்டு. அவர் ஆசாரியனும் ஜெபஆலயத்தலைவரும் ஆவார். தகப்பனும் பாட்டனும்கூட ஜெபஆலயத்தலைவர்கள். சட்டத்தை வாசிக்கவும் கற்பனைகளைப் போதிக்கவும் கட்டியது, வெளியூரிலிருந்து வருவோருக்கு அறைகளும் தண்ணீர் வசதியும் உண்டு என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது.

ரபீக்களை மேற்கோள் காட்டும்போது

கி.பி. 70-க்குப் பிறகு ஆலயம் இல்லை, ஆகவே பிரதான ஆசாரியன் இல்லை. சதுசேயரும் வரலாற்றில் மங்கிப்போகிறார்கள். யவ்னே என்ற ஊரில் ரபீ யோகனான் பென் சக்காயும் அவருக்குப் பின் இரண்டாம் கமாலியேலும் படிப்பை மையமாக வைத்து மக்களை நிலைநிறுத்தினார்கள். அப்போஸ்தலர் 5-இன் கமாலியேலும் இந்தக் கமாலியேலும் ஒருவரல்ல, பேரன் இவர். யவ்னேயில் ஒரு மாநாடு கூடிப் பழைய ஏற்பாட்டுப் புத்தகங்களின் பட்டியலை முடிவுசெய்தது என்ற பழைய கருத்தையும் ஆய்வாளர்கள் இப்போது கைவிட்டுவிட்டார்கள். குறிப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

ஒரு ரபீயின் வாக்கை எடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் காலத்தை எழுதுங்கள். ஹில்லேலும் ஷம்மாயும் இயேசுவுக்குச் சற்று முன் தலைமுறை, இவர்களை இயேசுவின் போதனைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், ஆனால் அவர்கள் வாக்குகளும் நமக்குப் பிற்காலத் தொகுப்புகள் வழியாகவே வருகின்றன. அக்கிபா கொல்லப்பட்டது சுமார் 135-இல். மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசி சுமார் 200. பாபிலோனியத் தல்மூத் அதற்கும் சில நூற்றாண்டுகள் பின்னால். இந்தக் கடைசி மூன்றிலிருந்து எடுத்ததை 'இயேசுவின் காலத்து யூதர்கள் இப்படி நம்பினார்கள்' என்ற வாக்கியத்துக்குள் வைக்காமல், 'பிற்கால ரபீக்கள் இப்படி எழுதினார்கள்' என்று தனியாக எழுதுங்கள்.